வம்சத்தின் முடிச்சுகள்

மூக்கின் இரு புறத்திலும் கன்னம் தொடங்குகிற மடிப்பிலே, தோலின் நிறமே கொண்டு, தொட்டால் கெட்டியாய், கடுகளவில் தோன்றி மிளகளவுக்கு வளர்ந்து நெருக்கமாய் நிற்கிற முடிச்சுகளைப் பருவம் எய்திய பிள்ளையின் முகத்தில் காணும் வீட்டார், அவற்றை முகப்பரு என்றே எண்ணிக் களிம்பு வாங்கித் தருகிறார்கள். பரு வந்த வழியே போய்விடும். இவை வயதோடு பெருகும்.

மயிர்க்காலையும் வியர்வைச் சுரப்பியையும் சார்ந்த இந்தச் சாதுவான கட்டிகள் முகத்தில் வருவதை 1892-ல் மான்செஸ்டர் வைத்தியர் புரூக்கும், தலையில் வருவதை 1899-ல் வியன்னாவின் ஸ்பீக்லரும் தனித்தனியே விவரித்தார்கள்; இரண்டும் ஒரே வியாதியின் இரு முகங்கள் என்பது பிற்பாடு துலங்கி, இருவர் பெயராலும் அது இன்று வழங்குகிறது. 16-ஆம் குரோமோசோமில் இருந்து செல்களின் வளர்ச்சிக்குக் கடிவாளமாய் நிற்கும் சி.ஒய்.எல்.டி. என்ற மரபணு 2000-ல் கண்டறியப்பட்டது. அதில் நேரும் பழுதே இந்த வியாதிக்குக் காரணம்; தாய் தந்தையரில் ஒருவருக்கு அந்தப் பழுதிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களிடத்தில் உபத்திரவம் அதிகம். காதுத் துவாரத்தில் கட்டி வளர்ந்தால் அழுக்கு தேங்கி, செவி மந்தமாகும். தலை முழுதும் திரண்டால் தலைப்பாகைக் கட்டி என்றே வைத்தியர்கள் சொல்வார்கள்.

என் கவலையெல்லாம் வீட்டாரின் மௌனத்தைப் பற்றியது. "வீட்டில் வேறு யாருக்காவது உண்டா?" என்று வைத்தியர் கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு, வெயிலிலும் முக்காடு விலக்காத பாட்டியையும் காது கேளாத பெரியப்பாவையும் நன்கு அறிந்த தாயே, இளைய மகளின் விவாகத்தை நினைத்து, "எங்கள் வம்சத்தில் கிடையாது" என்று சொல்லிவிடுகிறாள். குடும்ப விஷயத்தை வெளியிடாதிருக்க அவரவர்க்கு உரிமை உண்டென்பாரும் உளர், இருக்கட்டும். ஆனால் அந்தப் பொய்யினால் வருஷக்கணக்கில் வீண் களிம்பு தடவுகிறவள், முகத்தில் முடிச்சுகளோடு வைத்தியரிடம் வந்த சிறு பெண். சிறிதாயிருக்கும்போது லேசரினாலோ கத்தியினாலோ எளிதில் நீக்கக்கூடியதை, தலைத்தோலையே எடுத்து வேறு தோல் ஒட்டவேண்டிய அளவுக்கு வளரவிடுகிறவர்கள் பெரியவர்கள். திடீரெனப் பெருத்துப் புண்ணாகிற கட்டி, அபூர்வமாகவேனும், புற்றாக மாறியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவளுக்கு எட்டுவதில்லை.

மௌனத்தின் இன்னொரு கொடுமை, முகம் தெளிவாயிருக்கும் தம்பியையும் அது விடுவதில்லை. அக்காவின் மரபணுப் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே தனக்கு அது இல்லையென்று அவன் அறியக்கூடும். இல்லையென்றானால் அவன் பிள்ளைகளுக்கும் அவன் வழியாய் அது வராது. அந்தப் பரிசோதனைக்கு அவனை யாரும் அழைத்துப் போவதில்லை.