அவள் மீது மட்டும் ஏன் வழக்கு?

ஹிட்ச்காக்கின் ‘நட்டோரியஸ்’ படத்தைப் பார்த்தவர்களிடம் அதன் நாயகி ஆலீசியா எப்படிப்பட்டவள் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் முதலில் சொல்வது அவளுடைய குடியைத்தான். அடுத்து வருவது, அவளுக்கு முன்பு இருந்த ஆண் சிநேகிதங்கள். உயிரைப் பணயம் வைத்து ஒரு நாஜிக் கும்பலை உளவு பார்த்தாள் என்பது மூன்றாவதாக வரும். சில சமயம் வராமலே போகும். அவளை அந்த வேலையில் சேர்த்த, அவளைக் காதலிக்கும் அமெரிக்க உளவு அதிகாரி டெவ்லினைப் பற்றிக் கேட்டாலோ கேரி கிராண்டின் கோட்டும் தோரணையும்தான் பதில். படம் வெளிவந்தது 1946-ல். இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்தத் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை என்பது என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டு மாதம் கழித்து, 1945 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. பிரேசிலில் பதுங்கிய நாஜிக்கள் ஒயின் பாட்டில்களுக்குள் யுரேனியத் தாதுவை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்ற கற்பனை அன்றைய ரசிகர்களை உலுக்கியிருக்கும். ஆனால் ஹிட்ச்காக்குக்கு யுரேனியம் வெறும் சாக்கு. கடமையின் பெயரால் இன்னொருவனோடு படுக்கவும், அவனையே மணக்கவும் நேர்ந்த ஒரு பெண்ணைக் காதலித்தவனின் கதை இது என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் அவரே விளக்கியிருக்கிறார்.

இசைத்தட்டு சொன்ன சாட்சி

ஆலீசியாவின் அப்பா தேசத்துரோகக் குற்றத்துக்காக 20 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர். மகளையும் தன் வேலைக்கு இழுக்கப் பார்த்தவர். அவள் மறுத்துவிட்டாள். இது ஊகம் அல்ல. அவள் வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துப் பதிவு செய்த இசைத்தட்டு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அவளுடைய நாட்டுப்பற்றை அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டெவ்லின் அவளைத் தேடி வருகிறான்.

நாட்டுப்பற்று மட்டுமே போதும் என்றால் வேறு ஆள் கிடைத்திருக்கும். நாஜிக் கும்பலைச் சேர்ந்த செபாஸ்டியன் அவள் அப்பாவின் நண்பன். ஒரு காலத்தில் அவளை விரும்பியவன். அவள் வீட்டுப் படியேறினால் அவன் மறுக்கமாட்டான் என்பதுதான் அதிகாரிகள் போட்ட கணக்கு. எந்தக் கடந்த காலத்துக்காக அவளைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே கடந்த காலத்தைச் சொல்லி அவளை இளக்காரம் செய்கிறார்கள். இந்த அநியாயத்தை ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதிய பென் ஹெக்ட்டும் காட்சிக்குக் காட்சி எழுதிவைத்திருக்கிறார்கள்.

ரியோ டி ஜெனீரோவில் ஒரு பால்கனியில் டெவ்லினும் ஆலீசியாவும் முத்தமிடும் காட்சி பிரசித்தம். ஒரு முத்தம் மூன்று விநாடியைத் தாண்டக்கூடாது என்ற அன்றைய கட்டுப்பாட்டை ஏமாற்ற, முத்தத்தை விட்டு விட்டு, நடுவே கோழிக் கறிச் சமையலைப் பற்றிப் பேசவைத்து, இரண்டரை நிமிடம் ஓட்டியிருக்கிறார் ஹிட்ச்காக். எல்லோரும் அதைத்தான் சிலாகிக்கிறார்கள். அதற்கு அடுத்த காட்சியைப் பேசுகிறவர்கள் குறைவு. அலுவலகம் போன டெவ்லின் உத்தரவோடு திரும்புகிறான்: அவள் செபாஸ்டியனை மயக்க வேண்டும். இவன் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருக்கிறாள். அவளே மறுக்கட்டும் என்று இவன் வாய் திறக்காமல் நிற்கிறான். அவள் போகிறாள். போனதற்காகப் பிறகு அவளையே குத்திக்காட்டுகிறான்.

செபாஸ்டியன் அவளை மணக்கக் கேட்டதும் நிலைமை இன்னும் மோசமாகிறது. அதிகாரிகளின் கூட்டத்தில் ஒருவர், அந்த மாதிரிப் பெண்ணை எப்படி நம்புவது என்ற தொனியில் பேசுகிறார். டெவ்லின் கொதிக்கிறான், வாஷிங்டனில் சீட்டாடிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவியின் கௌரவம் இவளுக்கு வராதுதான், உயிரைக் கொடுக்கத் துணிந்தது மட்டும் இவள்தான் என்ற பொருளில் சாடுகிறான். அருமையான பதில். ஆனால் அப்போது அவள் அந்த அறையில் இல்லை. அவள் உள்ளே வந்து, இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கட்டுமா என்று கேட்கிறபோது அவன் அவளுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தப்பெண்ணம் உயிரை வாங்கும்

விருந்துக் காட்சியில், மாடி உயரத்திலிருந்து இறங்கி வந்து ஆலீசியாவின் கையில் இருக்கும் ஒயின் அறைச் சாவியில் போய் நிற்கும் கேமராவைப் புகழாத விமர்சகர் இல்லை. அந்தச் சாவியைக் கணவனின் சாவிக்கொத்திலிருந்து எடுத்தவள் அவள். மாட்டினால் சாகப்போகிறவளும் அவள்தான். மாட்டிக்கொள்கிறாள். செபாஸ்டியனும் அவன் அம்மாவும் காப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலந்து கொடுக்கிறார்கள்.

படத்தின் முக்கியமான காட்சி என்று நான் நினைப்பது இதன் பிறகு வருகிறது. பூங்கா பெஞ்சில் அவள் தள்ளாடியபடி உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுக் குடித்ததன் மயக்கம் என்று டெவ்லின் நினைக்கிறான். மனம் நொந்த அவள் அதை மறுக்கவும் இல்லை. அவளைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தீர்ப்பு, கண்ணெதிரே சாகும் பெண்ணை அவன் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அவளைக் காணோமே என்று பிறகு அவன் பதறும்போது, மேலதிகாரி படுக்கையில் சாய்ந்து பிஸ்கட்டும் சீஸும் தின்றுகொண்டிருக்கிறார். விஷம் கொடுத்தவர்களுக்கு நிகராக இந்த அலட்சியமும் அவளைக் கொன்றிருக்கும்.

இருந்தும் பார்வையாளர்களின் இரக்கம் யாருக்குப் போகிறது? செபாஸ்டியன் பாவம், உண்மையாகக் காதலித்தான் என்று உருகுகிறவர்கள் ஏராளம். கிளாட் ரெய்ன்ஸின் நடிப்பு அப்படி, ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. டெவ்லினுக்கோ கடைசியில் தான் மடையனாக இருந்ததாக ஒப்புக்கொண்டதும் முழு மன்னிப்பு. விஷம் வைத்த நாஜிக்கு இரக்கம், வாய்மூடி நின்ற காதலனுக்கு மன்னிப்பு. விஷம் குடித்தவளுக்கு மட்டும் நடத்தை விசாரணை!

1946-ன் படத்தை இன்றைய தராசில் நிறுக்கலாமா, இது விறுவிறுப்பான உளவுப் படம், அவ்வளவுதானே என்று கேட்பவர்களும் உண்டு. தராசை நான் கொண்டுவரவில்லை. படமே நம் முன் வைக்கிறது. அன்றைக்கே தணிக்கைக்காரர்கள் ஆரம்ப வரைவைப் படித்து, நாயகியின் ஒழுக்கத்துக்குத்தான் ஆட்சேபம் தெரிவித்தார்கள். ஒரு பெண்ணை எதிரியின் படுக்கைக்கு அனுப்பும் அரசாங்கத்தின் ஒழுக்கம் அவர்களை அந்த அளவுக்கு உறுத்தவில்லை. 1951-ல் மேற்கு ஜெர்மனியில் வெளியிட்டபோது, ‘வெள்ளை நஞ்சு’ என்ற பொருளில் பெயர் வைத்து, வசனத்தை மாற்றி, நாஜிக்களைப் போதைப்பொருள் கடத்தல்காரர்கள் ஆக்கினார்கள். வில்லன்களின் கடந்த காலத்தைத் துடைத்தெடுக்க முடிந்திருக்கிறது.

திரைக்கு வெளியே

ஆலீசியாவாக நடித்த இன்கிரிட் பெர்க்மனுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1945-ல் கன்னியாஸ்திரீயாகவும் 1948-ல் ஜோன் ஆஃப் ஆர்க்காகவும் நடித்தவரை அமெரிக்கா தலையில் வைத்துக் கொண்டாடியது. இத்தாலிய இயக்குநர் ரோசெல்லினியைக் காதலித்து, 1950-ல் திருமணத்துக்கு முன்பே குழந்தை பெற்றார். அமெரிக்க செனட் சபையிலேயே ஒருவர் எழுந்து அவரைக் கண்டித்துப் பேசினார். ‘அனஸ்தாசியா’ அவருக்கு மறுபடி ஹாலிவுட்டின் கதவைத் திறந்தது 1956-ல். அதே செனட் சபையில் இன்னொரு உறுப்பினர் அந்தப் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தது 1972-ல். ஒரு பெண்ணைத் தூற்ற ஒரு நாள் போதுமாக இருந்தது. வருத்தம் சொல்ல 22 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நிஜ உளவாளிகளின் கதையும் இதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக உழைத்த அமெரிக்கப் பெண் பெட்டி பேக், 1942-ல் வாஷிங்டனில் இருந்த, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி பிரான்ஸ் அரசின் தூதரகத்தின் கடற்படைச் சங்கேதக் குறியீடுகளை வெளியே கொண்டுவந்தார். அதற்கு அங்கிருந்த அதிகாரி ஒருவரின் காதல் உதவியது. தன் செயலுக்காகத் துளியும் வெட்கப்படவில்லை, அதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று பின்னாளில் அவர் சொன்னார். அந்த விளக்கத்தை அவர் ஏன் சொல்ல வேண்டியிருந்தது? அவரை அனுப்பிய ஆண்களிடம் வெட்கமாக இல்லையா என்று யாரும் கேட்கவில்லையே!

ஒரு பெண்ணின் உழைப்பும் துணிச்சலும் நமக்கு வேண்டியிருக்கும்வரை அவளுடைய நடத்தை யாருக்கும் தடையாகத் தெரிவதில்லை. காரியம் முடிந்ததும் நடத்தைச் சான்றிதழ் கேட்கிறோம். பழைய படத்தைப் பார்த்து இப்படித் தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய், அலுவலகத்திலும் தெருவிலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லும். என் பயம் அதுதான். ‘நட்டோரியஸ்’ பாருங்கள், வீட்டில் வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். ஆலீசியா எத்தனை கோப்பை குடித்தாள் என்று எண்ணாதீர்கள். அவளுக்காகப் பேசியிருக்க வேண்டிய இடத்தில் டெவ்லின் எத்தனை முறை வாயடைத்து நின்றான் என்பதை எண்ணிவிட்டு, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.