அஷ்வின் கேட்ட ரெண்டாவது ரிவ்யூ

2023 ஜூன் 14, கோவையில டிஎன்பிஎல் மேட்ச். அஷ்வின் பந்துல கீப்பர் கேட்ச். அம்பயர் அவுட் கொடுத்தார். பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்க, தேர்டு அம்பயர் நாட் அவுட்னு மாத்தினார். உடனே அஷ்வினும் ரிவ்யூ கேட்டார்! தீர்ப்பு மாறல.

ஏன் இந்தக் குழப்பம்? ஸ்டம்ப் மைக்ல பதிவான சத்தத்தை வீடியோவோட ஃப்ரேம் ஃப்ரேமா பொருத்திப் பார்ப்பாங்க. மட்டை தரையில தட்டினாலும் கோடு துடிக்கும். எது எந்தச் சத்தம்னு மனுஷன்தான் முடிவு பண்ணணும்.

ஆரணில எங்க தெரு மேட்ச்ல பேட்டிங் டீம் பையன்தான் அம்பயர். சண்டை வந்தா அந்தப் பந்தையே திரும்பப் போடுவோம். டிவி அம்பயருக்கு அந்த வசதி இல்ல. அதே காட்சியை அதே ஆள் திரும்பப் பார்த்தா விடை மாறுறது அபூர்வம். புது ஆங்கிள் இருந்தாத்தான் ரெண்டாவது ரிவ்யூவுக்கு அர்த்தம்.