பிள்ளைகளுக்குக் கால் வலியா? வைட்டமின் டி பற்றி இதைத் தெரிஞ்சுக்கோங்க

"அம்மா, முட்டி வலிக்குதும்மா", "தொடையெல்லாம் கடுக்குதுப்பா" – எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று பல வீடுகளில் தைலம் தேய்த்து விட்டுவிடுகிறார்கள். சில வீடுகளில் இதற்கு நேர் எதிர். லேபில் ரத்தம் கொடுத்து, ‘வைட்டமின் டி குறைவு’ என்று ரிப்போர்ட் வந்ததும், மருந்துக்கடையில் சாஷே வாங்கித் தாங்களாகவே கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தானவை. முதலாவதில் உண்மையான குறைபாடு கவனிக்கப்படாமல் போகிறது. இரண்டாவதில், வலிக்கு வேறு காரணம் இருந்தால் அது மறைந்துபோகிறது.

2016–18ல் நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைபாடு இருப்பது தெரிந்தது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் இது 14 சதவீதம்தான். அதாவது வயது ஏற ஏறக் குறையும் கூடுகிறது. ஆனால் குறை உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை. வலி உள்ள எல்லோருக்கும் இந்தக் குறை இருப்பதும் இல்லை.

வெயில் ஊரில் இந்தக் குறை எப்படி வருகிறது?

வைட்டமின் டி பெரும்பாலும் சாப்பாட்டில் இருந்து வருவதில்லை. வெயிலில் உள்ள ‘புற ஊதா பி’ கதிர் தோலில் பட்டால் நம் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். கல்லீரலும் சிறுநீரகமும் அதை வேலைக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும். சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச இது வேண்டும்.

இந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. ஆகவே மூடிய வேனில் உட்கார்ந்து படுகிற வெயில் கணக்கில் சேராது. ‘காலை இளவெயில்தான் நல்லது’ என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் காலை 7 மணி வெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. நடைப்பயிற்சிக்கு அந்த நேரம் இதமாக இருக்கும், வைட்டமின் டி-க்கு உதவாது. எளிய கணக்கு ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில்தான் தோல் இதை நன்றாகத் தயாரிக்கும். நம் ஊரில் ஏறக்குறைய காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 2, 3 மணி வரை. பருவ வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது? வகுப்பறையில். மாலையில் டியூஷன், அப்புறம் செல்போன். பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால் வெயில் படுவதற்கு வழியே இல்லை.

கருமை நிறத் தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் பட வேண்டும். உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கும், வலிப்பு நோய் மாத்திரைகள் சிலவற்றையோ காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினையோ சாப்பிடும் பிள்ளைகளுக்கும் குறை வர வாய்ப்பு அதிகம்.

வலி எங்கே இருந்து வருகிறது?

கட்டடத்துக்குக் கம்பி கட்டியாச்சு, கான்கிரீட் போடப் போதுமான சிமெண்ட் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைபாடு முற்றும்போது எலும்பில் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. பருவ வயதில் எலும்பு மளமளவென்று நீளும். கால்சியம் போதாவிட்டால் புதிதாக உருவாகும் எலும்பு இறுகாமல் மென்மையாகவே இருக்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடாமல் இருக்க, கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஏற்கெனவே எலும்பில் சேர்ந்ததையும் இழுத்து எடுக்கும். அதனால் எலும்பு வலிக்கும். தசையும் பலம் இழக்கும், முக்கியமாகத் தொடை, இடுப்புத் தசைகள்.

பிள்ளை ‘மூட்டு வலி’ என்று சொன்னாலும் இதில் பெரும்பாலும் வலிப்பது மூட்டு அல்ல, மூட்டை ஒட்டிய எலும்பும் தசையும்தான். இரண்டு காலிலும் வலி இருக்கும். இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்டத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் வலிக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிள்ளை எழும்போது தொடையில் கை ஊன்றுகிறதா, பஸ் படி ஏறக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிறதா, வாத்து போல அசைந்து நடக்கிறதா என்று பாருங்கள். முட்டிகள் புதிதாக ஒன்றோடொன்று இடிக்கத் தொடங்கினால் அதுவும் கவனிக்க வேண்டிய அறிகுறி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. "வயசுக்கு வந்த பொண்ணு, சோர்வாத்தான் இருப்பா" என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நம் வீடுகளில் சகஜம். ரத்தசோகை இருந்தாலும் சோர்வு வரும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கை கால் விரல்கள் இழுத்துப் பிடித்துக்கொள்வது, வலிப்பு வருவது ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது காத்திருக்க வேண்டாம், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வைட்டமின் டி மேல் பழி போடக்கூடாத வலிகள்

மூட்டு வீங்கியிருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் அது மூட்டு அழற்சியாக இருக்கலாம். சிறுவயதிலும் மூட்டுவாதம் வரும்.

ஒரே இடத்தில், ஒரு பக்கம் மட்டும் வலி. இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி. கூடவே காய்ச்சல், எடை குறைதல், காரணம் இல்லாமல் தோலில் ரத்தக்கட்டு – இவற்றுக்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும். எலும்பில் தொற்று, கட்டி, ரத்தப் புற்றுநோய் இவையும் சில சமயம் கால் வலியாகத்தான் தொடங்கும். இவை அரிது. ஆனாலும் ‘டி குறைவு’ என்ற ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தால் இழப்பு பெரிது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் வலி முட்டியில் தெரியும். உடல் பருமன் உள்ள பருவ வயதுப் பிள்ளை முட்டி வலி என்று சொல்லிக் கொஞ்சம் நொண்டி நடந்தால், தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவியிருக்கலாம். அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை பிள்ளையை நடக்க விடாதீர்கள்.

ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு முட்டிக்குக் கீழே சிறு மேடு போல வீங்கி வலித்தால் பயப்பட வேண்டாம். தசைநார் எலும்பை இழுப்பதால் வருவது அது. விளையாட்டைக் கொஞ்ச நாள் குறைத்தால் பெரும்பாலும் தணியும். டாக்டர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நிம்மதி.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ என்பதுதான் பரிசோதனையின் பெயர். பல லேப்கள் 30 நானோகிராமுக்குக் கீழே எது வந்தாலும் ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் அச்சிடும். ஆனால் பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வைத்திருக்கும் அளவு வேறு: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 12 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20-க்கு மேல் போதுமானது. அப்படியென்றால் 22 வந்த பிள்ளையின் முட்டி வலிக்கு வைட்டமின் டி-யைக் காரணம் சொல்வது கஷ்டம். அலகு ‘நானோமோல்’ என்று இருந்தால் அந்த எண்ணை இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள். 50 நானோமோல் என்பது 20 நானோகிராம்.

எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. ‘முழு உடல் பேக்கேஜ்’ விளம்பரத்தைப் பார்த்துச் செலவு செய்ய வேண்டாம். அறிகுறி இருந்தால் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஆகியவற்றையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.

சாஷே விஷயத்தில் ஜாக்கிரதை

மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் டி சாஷேயும் கேப்சூலும் பெரும்பாலும் 60,000 யூனிட் கொண்டவை. பருவ வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட். அதாவது ஒரே சாஷேயில் 100 நாள் அளவு. இதை வாரம் ஒன்றா, இரண்டு வாரத்துக்கு ஒன்றா, எத்தனை வாரம் என்பது டாக்டர் சொல்கிற கணக்கு. வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதைத் தினமும் ஒன்று என்று புரிந்துகொண்டாலோ, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் தொடர்ந்து வாங்கினாலோ ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் வருவது இதன் அடையாளம். சிறுநீரகமே கெடலாம். வெயிலால் இப்படி அளவு மீறாது, மருந்தால்தான் மீறும்.

மருந்து கொடுக்கிற நாளை செல்போன் காலண்டரில் குறித்து அலாரம் வையுங்கள். கடைசி டோஸ் தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள். உண்மையான குறைபாடு என்றால் சில வாரங்களில் தசை பலம் திரும்பும். எலும்பு வலி குறைய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மருந்து முடிந்தும் வலி அப்படியே இருந்தால் இன்னொரு சாஷே வாங்காதீர்கள், திரும்பவும் டாக்டரிடம் போங்கள்.

கால்சியம் இல்லாமல் வைட்டமின் டி மட்டும் கொடுத்துப் பலன் இல்லை. 13 முதல் 15 வயதுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240 கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 364, அதே அளவு முருங்கைக்கீரையில் 314. எள்ளுருண்டையும் நல்லது. வைட்டமின் டி உள்ள உணவுகள் கொஞ்சம்தான்: மத்தி, அயிலை போன்ற மீன்கள், முட்டையின் மஞ்சள் கரு. சாதாரணப் பாலில் அது மிகக் குறைவு. செறிவூட்டிய பால், எண்ணெய் பாக்கெட்டில் ‘+எஃப்’ முத்திரை இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வெயிலுக்கு மதிய இடைவேளையில் ஒரு பகுதி, விளையாட்டுப் பீரியட், ஞாயிற்றுக்கிழமை மைதானம் போதும். முகம் மட்டும் இல்லாமல் கை காலிலும் படட்டும். கத்திரி வெயிலில் நிற்க வைக்க வேண்டாம், தோல் எரியும் அளவுக்கு எப்போதும் வேண்டாம்.

எங்கே காட்டுவது?

முதலில் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆலோசனை இலவசம். தேவைப்பட்டால் அங்கிருந்தே அரசு மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுக்கோ எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104 எண்ணுக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். ‘இ-சஞ்சீவனி’ செயலியில் மொபைல் எண்ணைப் பதிவு செய்து வீடியோ அழைப்பில் டாக்டரிடம் பேசலாம். ரிப்போர்ட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்க இது வசதி. ஆனால் மூட்டைத் தொட்டு, அசைத்துப் பார்க்க வேண்டிய வலிக்கு நேரில்தான் போக வேண்டும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் என்றால், தேசிய சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கே வரும். 18 வயது வரை உள்ளவர்களுக்கான திட்டம் இது. அவர்கள் பார்க்கும் குறைபாடுகளின் பட்டியலில் வைட்டமின் டி குறைபாடும் உண்டு. குழு வரும் நாளில் உங்கள் பிள்ளையின் வலியைப் பற்றிச் சொல்லும்படி வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும் முன், பிள்ளை நடப்பதையும் படி ஏறுவதையும் தரையில் இருந்து எழுவதையும் போனில் அரை நிமிட வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. கூட்டத்தில் பிள்ளை கூச்சப்பட்டு "இப்ப வலிக்கலை டாக்டர்" என்று சொல்லிவிட்டாலும், அந்த வீடியோ டாக்டருக்கு உதவும். இதுவரை கொடுத்த சாஷே, மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.