ஓடிய எலெக்ட்ரான் உளவு சொல்கிறது!

நாம் சுவாசிக்கும் பிராண வாயுவின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு அணுக்கள் இணைந்திருக்கின்றன. அவற்றின் இடைவெளி சுமார் 1.2 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரை 10 கோடி கூறாக்கினால், அதில் ஒரு கூறுதான் ஆங்ஸ்ட்ராம்! இத்தனை சிறிய தூரத்தை, அணுக்கள் அசைந்துகொண்டிருக்கும்போதே அளப்பது எப்படி?

சாதாரண ஒளியால் இயலாது; அதன் அலை பல ஆயிரம் ஆங்ஸ்ட்ராம் நீளமுள்ளது. எக்ஸ்-கதிரால் பார்ப்பதற்குப் பெரும்பாலும் பொருள் படிகமாக இருக்க வேண்டும். எலெக்ட்ரானும் அலையைப்போல் நடந்துகொள்ளும் என்பது 1927-ல் நிரூபணமாயிற்று. அந்த எலெக்ட்ரானை மூலக்கூறிடமிருந்தே கடன் வாங்கினால் என்ன?

போய்த் திரும்பும் தூதன்

கடலலை கரையில் கிடக்கும் கட்டையை இழுத்துச் சென்று, மறு வீச்சில் கரையிலேயே கொண்டுவந்து மோதுகிறதல்லவா? லேசர் ஒளியும் ஓர் அலைதான். கடுமையான லேசர் துடிப்பு மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிறது. அலையின் மின்விசை திசை மாறியதும், அந்த எலெக்ட்ரான் புறப்பட்ட இடத்துக்கே விரைந்து வந்து மோதிச் சிதறுகிறது. கனடா விஞ்ஞானி பால் கார்க்கம் 1993-ல் இதை விளக்கினார்.

இரண்டு அணுக்களிலும் பட்டுச் சிதறும் அலைகள் கலந்து, சில திசைகளில் ஓங்கும். சில திசைகளில் ஒடுங்கும். கருவிகள் பதிவு செய்யும் அந்தக் கோலத்தைக் கணக்கிட்டால் அணுக்களின் இடைவெளி தெரிந்துவிடும்.

சுருங்கிய பிணைப்பு

2012-ல் அமெரிக்காவின் ஒஹையோ, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இம்முறையைக் கையாண்டார்கள். எலெக்ட்ரானை இழந்த பிராண வாயு மூலக்கூறு சுமார் 5 ஃபெம்டோ விநாடிக்குள் 0.1 ஆங்ஸ்ட்ராம் சுருங்கியது தெரிந்தது. ஒரு விநாடியை 100 கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் 10 லட்சம் பங்காக்கினால் கிடைப்பதே ஒரு ஃபெம்டோ விநாடி! போன எலெக்ட்ரான் அணுக்களின் பிணைப்பைத் தளர்த்தும் இனம். அது விலகியதும் பிணைப்பு இறுகிவிட்டது.

2016-ல் ஸ்பெயினின் பார்சிலோனா நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு படி மேலே சென்றார்கள். வெல்டிங் பட்டறைகளில் எரியும் அசிட்டிலின் வாயுவை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த அதன் மூலக்கூறிலிருந்து ஹைடிரஜன் கரு பிரிந்து போவதை, 9 ஃபெம்டோ விநாடியிலேயே படம்பிடித்தார்கள்.

இதனால் என்ன லாபம்? உலையில் இட்ட அரிசியும் இறக்கிய சோறும் தெரியும். இடையில் நடந்தது தெரியாது என்பதே ரசாயன சாஸ்திரத்தின் நெடுநாளைய குறை. இம்முறையில் இதுவரை ஆராயப்பட்டவை பெரும்பாலும் வாயு நிலையிலுள்ள சிறிய மூலக்கூறுகளே. ஆயினும், பிணைப்பு முறியும் அந்தக் கணத்தை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்க்க வழி பிறந்துவிட்டது.