இயந்திரத்தின் துடிப்புத் தவறினால்

பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேட்டில் ஏறும்போது அதன் ஒலியைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஒரே சீராக முழங்கிக்கொண்டு செல்லும். சில வண்டிகளிலோ அந்த முழக்கத்தின் நடுவே ஓர் ஓசை விட்டுவிட்டுப் போகும். வண்டி குலுங்கும், வேகம் தளரும், சில வேளைகளில் புகைக்குழாயில் ‘பட்’டென்று ஒரு வெடிப்பும் கேட்கும். மிருதங்கக்காரர் தாளத்தில் ஓர் அடியை விட்டுவிட்டு வாசித்தால் எப்படி இருக்கும்? ஏறத்தாழ அப்படித்தான். இந்த நோய்க்குப் பட்டறைக்காரர்கள் இட்டிருக்கும் பெயர் ‘மிஸ்ஸிங்’ என்பது. எரிய வேண்டிய நேரத்தில் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறிப்போகிறது என்பதே அதன் பொருள்.

பழைய லாரி ஒன்றில் நெடுநாள் நீங்காதிருந்த இந்த நோயின் மூலம் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். விளைவைக் கண்டு காரணத்தைத் தேட வேண்டிய எவருக்கும், அவர் மருத்துவம் படிப்பவராயினும் சட்டம் படிப்பவராயினும், இதில் கற்றுக்கொள்ளச் சிறிது உண்டு.

சென்னைக்குத் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை மோட்டார்த் தொழிலோடு நீண்ட உறவு கொண்டது. குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்கள் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரி, மோட்டார்ப் பொறியியலைத் தனிப் பிரிவாகவே வைத்துக் கற்பித்தது. வண்டலூரை அடுத்து ஸ்டாண்டர்டு கார்த் தொழிற்சாலை பல ஆண்டுகள் நடந்தது. இன்று அது இல்லை. பல்லாவரம், திரிசூலம், பம்மல் ஆகிய ஊர்களின் குன்றுகளிலே கருங்கல்லை உடைத்து, ஜல்லியாக்கி, நகரத்துக்கு அனுப்பிவந்தார்கள். ‘சார்னோகைட்’ என்று புவியியலார் பெயரிட்டு உலகறியச் செய்த கல் அதுவே. நகரத்தில் எழும்பிய வீடுகளுக்கும் பாலங்களுக்கும் வேண்டிய கல்லைச் சுமந்து, பள்ளமான கல்குவாரிகளிலிருந்து மேலேறி வந்தவை லாரிகள்.

1970-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தாம்பரத்தில் நான் வேலை பார்த்துவந்த பட்டறைக்கு அத்தகைய லாரி ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி அது. ஓட்டுபவரே உடைமையாளர், கடன் வாங்கி வண்டி வாங்கியவர். வெறும் வண்டியாக ஓடும்போது குறை ஒன்றும் தெரியாது. ஜல்லி ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் மிஸ்ஸிங் தொடங்கும். மழைநாளின் காலை வேளைகளில் அது மிகும். அவர் வேறிடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் செய்திருந்தார். இரண்டு முறை ஆறு பிளக்குகளையும் மாற்றியிருந்தார். மாற்றிய சில நாட்களுக்கு வண்டி நன்றாக ஓடும். பிறகு பழைய கதைதான். “எஞ்சின் தேய்ந்துவிட்டது, சிலிண்டர்களைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட வேண்டும்” என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கு வேண்டிய பணத்துக்கு அவர் வண்டியையே விற்க வேண்டியிருக்கும். காரணத்தைச் சரியாகக் காண்பதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருந்தது.

இனி, எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்று சற்றுப் பார்ப்போம். ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு செயல்களை முறையாகச் செய்கிறது: காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உறிஞ்சுதல், அதனை அழுத்துதல், அது எரிந்து விரிய அதனால் தள்ளப்படுதல், புகையை வெளியேற்றுதல். இந்நான்கும் முடிவதற்குள் எஞ்சினின் அச்சு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும் ஆறு சிலிண்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது ஒரு விநாடியில் 120 முறை, தீப்பொறி எழ வேண்டும்.

கலவை எரிவதற்கு மூன்று தேவை. காற்றும் பெட்ரோலும் எடையளவில் ஏறத்தாழ 15-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். கலவை கசியாமல் அழுத்தப்பட வேண்டும். உரிய கணத்தில் வலிய தீப்பொறி எழ வேண்டும். மிஸ்ஸிங் எதுவாயினும் இம்மூன்றில் ஒன்றன் குறையே. எனவே அது எந்தச் சிலிண்டரில், எந்த நிலையில் நேர்கிறது என்று அறிவதே முதல் வேலை.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு பிளக்காகச் செயலிழக்கச் செய்து பார்த்தோம். ஆறிலும் எஞ்சினின் வேகம் ஒரே அளவாகக் குறைந்தது; ஆறும் அந்நிலையில் நன்றாக வேலை செய்தன என்பது இதன் பொருள். நோய் சுமையின்போது வருவதாயின் சுமையின்போதே அதனைப் பார்க்க வேண்டும். ஆகவே ஜல்லி ஏற்றி, மேட்டில் ஏற்றி, மிஸ்ஸிங் வந்தவுடனே எஞ்சினை நிறுத்தி, அங்கேயே பிளக்குகளைக் கழற்றினோம். நான்கு பிளக்குகளின் முனைகள் மண்ணிறமாக உலர்ந்திருந்தன. மூன்றாவதும் ஆறாவதும் கறுத்துப் பெட்ரோலில் நனைந்திருந்தன. தவறுபவை இவ்விரண்டே எனத் தெளிவாயிற்று.

அடுத்து அழுத்தத்தை அளந்தோம். ஆறு சிலிண்டர்களிலும் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குக் குறையவில்லை. ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடும் இல்லை. பிஸ்டன் மாற்ற வேண்டும் என்ற பேச்சு அத்துடன் முடிந்தது. கார்புரேட்டரோ ஒன்றே ஒன்று. அதில் குறை இருப்பின் ஆறு சிலிண்டர்களும் துன்பப்பட வேண்டுமே தவிர இரண்டு மட்டும் துன்பப்படக் காரணமில்லை. மூன்றாம் பிளக்கை முதலாம் சிலிண்டரிலும் முதலாவதை மூன்றிலும் மாற்றிப் போட்டோம். நோய் பிளக்கோடு போகாமல் மூன்றாம் சிலிண்டரிலேயே தங்கிற்று. பிளக் ஒயர்களையும் அவ்வாறே மாற்றினோம், அப்போதும் தங்கிற்று. இவ்வாறு ஒரு பொருளை இடம் மாற்றி, குறை அதனுடன் செல்கிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. புதிய பொருள் வாங்கி மாற்றுவதைவிடப் பலமடங்கு சிறந்தது.

இப்போது எஞ்சியிருந்த கேள்வி இது: மூன்றாவதும் ஆறாவதும் எந்த வகையில் உறவு? எஞ்சினில் அவை பக்கத்தில் பக்கத்தில் இல்லை. நடுவே நான்கும் ஐந்தும் நிற்கின்றன. ஆனால் சிலிண்டர்கள் எரியும் வரிசை வேறு. 1, 5, 3, 6, 2, 4 என்பதே அவ்வெஞ்சினின் வரிசை. அதில் மூன்றும் ஆறும் அடுத்தடுத்த இடங்கள்! சிலிண்டர்கள் இந்த வரிசையில் அமைந்திருக்கும் உறுப்பு ஒன்றே உண்டு. அதுதான் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி.

மின்சாரம் செல்லும் வழியை இங்கே விளக்க வேண்டும். பாட்டரியின் சில வோல்ட்டைக் காயில் என்னும் சுருள் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. இதற்கு அடிப்படை 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல். அதனை மோட்டார் வண்டிக்குப் பொருந்தும்படி செம்மை செய்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவருடைய ‘டெல்கோ’ நிறுவனத்தின் பெயராலேயே நம் நாட்டுப் பழைய மெக்கானிக்குகள் பலர் டிஸ்ட்ரிபியூட்டரை அழைப்பதுண்டு. அதனுள் சுழலும் ரோட்டார், மூடியில் வட்டமாக அமைந்த ஆறு முனைகளுக்கும் எரியும் வரிசைப்படி மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

மூடியைக் கழற்றித் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் உட்புறத்தைப் பார்த்தோம். மூன்றாம் முனையிலிருந்து ஆறாம் முனை வரை, பென்சிலால் மெல்லக் கீறினாற்போல ஒரு கறுப்புக் கோடு ஓடிற்று.

அக்கோடு எவ்வாறு பிறந்தது? மூடி பேக்கலைட்டால் ஆனது. மின்சாரத்தைக் கடத்தாத பொருள்தான். ஆனால் மழைக்காலத்தின் ஈரமும் கல்குவாரியின் தூசியும் சேர்ந்து அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்தன. அதன் வழியே சிறு பொறி ஒன்று தாவிற்று. தாவிய இடத்தில் பேக்கலைட் கருகிக் கரியாயிற்று. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அடுத்த பொறிக்கு வழி எளிதாயிற்று. அது மேலும் கரியை உண்டாக்கிற்று. ஒற்றையடிப் பாதை நடக்க நடக்கத் தெளிவாவது போல அந்தக் கோடும் நாளுக்கு நாள் தெளிந்தது.

அப்படியாயின் மெதுவாக ஓடும்போது ஏன் குறை தெரியவில்லை? இதற்கு விடை பாஷன் என்னும் ஜெர்மானிய இயற்பியலார் 1889-இல் வெளியிட்ட விதியில் இருக்கிறது. பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு வேண்டிய மின்னழுத்தம், அங்குள்ள வாயுவின் அழுத்தம் மிக மிக உயரும். சுமையில்லாத எஞ்சின் சிறிதளவு கலவையையே உறிஞ்சுகிறது. சிலிண்டரில் அழுத்தம் குறைவு. பொறி எளிதில் தாண்டிவிடுகிறது. மேட்டில் ஏறும்போதோ சிலிண்டர் நிறையக் கலவை புகுந்து அழுத்தம் ஓங்குகிறது. மூன்றாம் சிலிண்டரில் பொறி எழ வேண்டிய அக்கணத்தில் ஆறாம் சிலிண்டர் அழுத்தத் தொடங்கும் நிலையிலேயே இருக்கும்; அங்கே அழுத்தம் குறைவு. கவர்வழியில் நிற்பவன் எளிய பாதையை நாடுவது போல, மின்சாரம் கரிக்கோட்டின் வழியே ஆறாம் பிளக்குக்குச் சென்றுவிடுகிறது. மூன்று தவறுகிறது, ஆறு காலமல்லாத காலத்தில் தீப்பற்றித் தன் முறையையும் இழக்கிறது. தப்பிய கலவை சூடான புகைக்குழாயில் சென்று வெடிக்கிறது.

புதுப் பிளக்குகளால் சில நாட்கள் நோய் நீங்கியதும் இதனாலேயே. புதிய பிளக்கின் மின்முனை கூரிய விளிம்புடையது; இடைவெளியும் குறுகியது. அதைத் தாண்டக் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆதலால் மின்சாரம் கரிக்கோட்டை நாடவில்லை. முனை தேய்ந்ததும் பழைய நிலை திரும்பிற்று. மருந்து நோயை மறைத்ததே ஒழிய மாற்றவில்லை.

அதே இன வண்டி ஒன்றின் மூடியை இரவல் வாங்கிப் பொருத்தினோம். லாரி முழுப் பாரத்துடன் மேட்டில் சீராக ஏறிற்று. ஆயினும் அத்துடன் நிறுத்தவில்லை. பழைய மூடியை மீண்டும் பொருத்தி அதே மேட்டில் ஏற்றினோம். மிஸ்ஸிங் திரும்பி வந்தது. மாற்றினால் குணமாவது பாதிச் சான்றே. பழையதை வைத்தால் நோய் திரும்புவதையும் கண்டால்தான் சான்று முழுமை பெறும். சில ரூபாய் விலையுள்ள புது மூடியோடு லாரிக்காரர் வேலைக்குத் திரும்பினார். எஞ்சினைக் கடைய வேண்டிய தேவை எழவேயில்லை.

இன்றைய லாரிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. அவற்றில் பிளக்கின் தீப்பொறியே இல்லை. இன்றைய பெட்ரோல் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரும் மறைந்துவிட்டது. அச்சின் சுழற்சியில் நேரும் நுண்ணிய தளர்ச்சியைக் கணிப்பொறியே உணர்ந்து, எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்று குறியீட்டால் சொல்லிவிடுகிறது. மூன்றாம் சிலிண்டராயின் ‘பி0303’ என்று காட்டும். ஆனால் ஏன் தவறுகிறது என்று அந்தக் குறியீடு சொல்லுவதில்லை. காயிலா, பிளக்கா, பெட்ரோல் தெளிக்கும் இஞ்ஜெக்டரா, வால்வா என்று தேடும் பொறுப்பு இன்றும் மனிதனுடையதே. எரியாத பெட்ரோல் சிலிண்டரின் எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை மிகுவிக்கும். புகையைத் தூய்மை செய்யும் கருவியையும் கெடுக்கும். ஆதலால் தாமதமும் ஆகாது.

மாணவர்களே, குறை எப்போது தோன்றுகிறது, எப்போது தோன்றவில்லை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தோன்றும் நிலையிலேயே அதனைச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கெட்டுப்போனவற்றுக்குள் பொதுவாக இருப்பது யாது என்று கேளுங்கள். கண்ட காரணத்தை மீண்டும் நுழைத்து விளைவு திரும்புகிறதா என்று பாருங்கள். இந்த ஒழுங்கைப் பழகிக்கொண்டவர்களுக்கு எந்தப் பழைய வண்டியும் தன் குறையை மறைத்து வைக்க இயலாது.