ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் அவுட்லையர் இல்லையாம்!

அக்கா மகள் பி.எஸ்சி. படிக்கிறாள். போன மாதம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஊரில் ஏதாவது பத்து அளவுகள் எடுக்கணும், சராசரியும் திட்ட விலக்கமும் போடணும், சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே நிற்கும் அவுட்லையர் இருக்கிறதா என்று சொல்லணும். இவள் கொஞ்சம் குறும்பு. தெருவில் ஒன்பது வீடுகளின் உயரத்தை மாடிக்கணக்கு வைத்துக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டு, பத்தாவதாக ராஜகோபுரத்தைச் சேர்த்துவிட்டாள். ஆண்டாள் கோயில் கோபுரம் என்று நாம் சொல்லும் வடபத்ரசாயி கோயில் கோபுரம்தான். பதினோரு நிலை, 192 அடி.

வீடுகள் (அடியில்): 12, 14, 22, 24, 24, 25, 33, 35, 36. இவற்றோடு 192.

கணக்கைப் போட்டுவிட்டு நோட்டோடு என்னிடம் வந்தாள். "மாமா, எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். கோபுரம் அவுட்லையர் இல்லன்னு வருது."

நானும் போட்டுப் பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை. பத்து அளவுகளின் சராசரி 41.7 அடி. திட்ட விலக்கம் 53.4 அடி. கோபுரம் சராசரியிலிருந்து 150.3 அடி மேலே நிற்கிறது. 150.3-ஐ 53.4-ஆல் வகுத்தால் 2.81. மூன்றுக்கு உள்ளே. மேல் எல்லை 202 அடி. கோபுரம் அதற்குப் பத்தடி கீழேயே நின்றுவிட்டது. கீழ் எல்லையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை, தரைக்குக் கீழே 118 அடிக்கும் ஆழத்தில் இருக்கிறது. அதாவது கிணற்றையும் வீடு என்று ஒப்புக்கொள்ளும் கணக்கு இது.

"சரி பாப்பா, கோபுரத்தை எடுத்துட்டு துபாய் புர்ஜ் கலீஃபாவை வை" என்றேன். 828 மீட்டர், சுமார் 2,717 அடி. போட்டாள். 2.846 வந்தது. அதுவும் அவுட்லையர் இல்லை!

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. இதே கணக்கில் நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். அந்தக் கதை அப்புறம். முதலில் இது ஏன் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நீங்களும் ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது அளவுகள் அச்சுப் பிசகாமல் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். வசதிக்கு அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளலாம். பத்தாவது மட்டும் அதிலிருந்து 10 தள்ளி நிற்கிறது. சராசரி 1. பத்தாவதின் விலகல் 9, மற்ற ஒன்பதின் விலகல் தலா 1. விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 81 + 9 = 90. ஒன்பதால் வகுத்தால் 10. அதன் வர்க்கமூலம் 3.162, அதுதான் திட்ட விலக்கம். 9-ஐ 3.162-ஆல் வகுத்தால் 2.846.

இப்போது 10-க்குப் பதில் 1000 வையுங்கள். சராசரி 100, விலகல் 900, திட்ட விலக்கம் 316.2. மறுபடியும் 2.846. அந்த ஒற்றை அளவு எவ்வளவு தூரம் போகிறதோ, அதே விகிதத்தில் திட்ட விலக்கத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. திருடனையே கூப்பிட்டுப் பூட்டுக்கு அளவு எடுக்கச் சொன்ன மாதிரி.

பொதுவாகச் சொன்னால், எத்தனை அளவுகளோ அதில் ஒன்றைக் கழித்து, அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். எந்த ஒரு அளவும் அதற்கு மேல் திட்ட விலக்கங்கள் தள்ளி நிற்க முடியாது. ஐந்து அளவுக்கு இந்த உச்சம் 1.79. பத்துக்கு 2.846. பதினொன்றுக்குத்தான் முதல்முறையாக மூன்றைத் தாண்டி 3.015 வருகிறது. பத்தாம் வகுப்பில் வர்க்கக் கூட்டுத்தொகையைப் பத்தாலேயே வகுக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த முறையில் பத்து அளவுக்கு உச்சம் சரியாக 3. மூன்றைத் தொடலாம், தாண்ட முடியாது. ஆகவே "பத்து அளவு எடு, மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே இருப்பதைக் கண்டுபிடி" என்ற கேள்விக்கு எந்த ஊரில், எதை அளந்தாலும் ஒரே விடைதான். எதுவும் இல்லை. அளக்கவே வேண்டாம்.

இனி என் கதை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு அந்த ஊர் நூற்பாலை ஊராகவே வளர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது மில்லில் கால் வைத்திருப்பார். நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் சில வருஷம் ஒரு சின்ன மில்லின் டெஸ்டிங் லேபில் இருந்தேன். பெயர் வேண்டாம்.

லேபில் தினசரி வேலை, நூல் சரியான நம்பரில் ஓடுகிறதா என்று பார்ப்பது. நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்ற கணக்கு. அதனால் நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. ரிங் ஃப்ரேமிலிருந்து பத்துக் காப்ஸ் எடுத்து வந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ராப் ரீலில் ஒரு லீ, அதாவது 120 கஜம் சுற்றுவோம். ரீலின் சுற்றளவு ஒன்றரை கஜம்; எண்பது சுற்று. அந்த லீயை எடை போட்டு, 64.8-ஐ கிராம் எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். நாற்பதாம் நம்பர் என்றால் லீ 1.62 கிராம் இருக்கணும்.

ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் வந்த பத்து அளவுகள் ஏறக்குறைய இப்படி: 39.2, 39.4, 39.6, 39.8, 40.0, 40.2, 40.4, 40.6, 40.8, 46.0. பத்தும் அப்படியே ஞாபகத்தில் இல்லை, ஒரே சீராக நான் எழுதிக்கொண்டதுதான். ஆனால் அந்த 46 மறக்காது.

எனக்குச் சொல்லியிருந்த விதி, மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால்தான் ஸ்பின்னிங் மாஸ்டருக்குத் தகவல். கால்குலேட்டரில் போட்டேன். சராசரி 40.6, திட்ட விலக்கம் 1.97, மேல் எல்லை 46.5. 46 உள்ளேதான் இருக்கு. "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து நெசவுக்காரரிடமிருந்து துணி திரும்பி வந்தது. சாயம் போட்ட பிறகு ஊடையில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. அந்த லாட்டில் மிச்சமிருந்த கோன்களை உட்கார்ந்து சோதித்தோம். ஒரு கோனின் நடுவில் 46. வேறு நம்பருக்குப் போகவேண்டிய சிம்ப்ளக்ஸ் பாபின் ஒன்று மாறி இந்த ஃப்ரேமில் தொங்கியிருக்கணும் என்றார் மாஸ்டர். என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, நான் "ஓகே" எழுதிய வரியில் இன்னொரு கட்டத்தைக் காட்டினார். சி.வி. 4.8 சதவீதம். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கியது. எங்கள் மில்லில் அது வழக்கமாக ஒன்றரைக்குப் பக்கத்தில்தான் வரும். அந்த 46 மறைந்து போகவில்லை. சி.வி. கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அதை எழுதியதும் நான்தான்.

இப்போது அதே கணக்கை வேறு மாதிரி போடுவோம். 46-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு மீதி ஒன்பதுக்கு மட்டும் பாருங்கள். சராசரி 40.0. வர்க்கக் கூட்டுத்தொகை 2.40, எட்டால் வகுத்தால் 0.30, வர்க்கமூலம் 0.548. இந்த அளவுகோலில் 46 எங்கே நிற்கிறது? 6-ஐ 0.548-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11. அதே நூல், அதே லீ. தானும் சேர்ந்து செய்த அளவுகோலில் 2.75, மற்றவர்கள் செய்த அளவுகோலில் 11.

தொழிற்சாலைகளில் இதற்கு ரொம்ப நாளாகவே வழி இருக்கிறது. 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் போட்ட கட்டுப்பாட்டு வரைபடத்தின் யோசனை இதுதான். எந்திரம் ஒழுங்காக ஓடிய நாட்களின் அளவுகளை வைத்து முன்கூட்டியே எல்லைக் கோடுகளைக் கிழித்து வைத்துக்கொள்ளணும். இன்றைய அளவை அந்தக் கோட்டோடு ஒப்பிடணும். இன்றைய பத்து அளவிலிருந்தே இன்றைக்கான எல்லையைச் செய்யக் கூடாது. நாங்கள் மூன்று என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய நாட்களை விட்டுவிட்டோம்.

பழைய கணக்கு கையில் இல்லையென்றால்? ஒன்றை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் வழி எப்போதும் கைகொடுக்காது. பத்தில் இரண்டு காப்ஸ் கெட்டிருந்தால் மாட்டிக்கொள்வோம். மேலே உள்ள பட்டியலில் 40.8-ஐயும் 46.0 ஆக்குங்கள். சராசரி 41.12, திட்ட விலக்கம் 2.61. இரண்டு 46-களும் இப்போது வெறும் 1.87 திட்ட விலக்கத்தில் நிற்கின்றன. இரண்டு என்று எல்லை வைத்தாலும் தப்பித்துவிடும். ஒரு 46-ஐ ஒதுக்கி மற்ற ஒன்பதோடு ஒப்பிட்டாலும் 2.6-தான், உள்ளே இருக்கும் கூட்டாளி அதைக் காப்பாற்றிவிடுகிறான்.

இந்த இடத்தில்தான் இடைநிலை அளவும் கால்மானமும் உதவுகின்றன. பத்தையும் ஏறுவரிசையில் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். கீழ் ஐந்தின் நடு 39.6. மேல் ஐந்தின் நடு 40.6. இரண்டுக்கும் இடைவெளி 1.0. அதை ஒன்றரை மடங்காக்கி இரு பக்கமும் வேலி போட்டால் 38.1-இலிருந்து 42.1 வரை. 46 வெளியே. இரண்டு 46 இருந்தாலும் வேலி அசையாது, அதே 38.1, அதே 42.1. 46-ஐ 460 ஆக்குங்கள், அப்போதும் அசையாது. கடைசியில் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. இந்த ஒன்றரை மடங்கு வேலியை ஜான் டூக்கி 1977-இல் வந்த தன் புத்தகத்தில் பரப்பினார். தாளும் பென்சிலும் போதும். ராத்திரி ஷிஃப்டுக்குத் தோதான கணக்கு.

கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்? பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் அடுத்த வரி "அதை நீக்கிவிட்டு மீண்டும் சராசரி காண்க" என்று இருக்கும். எனக்கு இந்த வரி மேல் ரொம்பக் கோபம். லேபில் 46 வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ரீலில் நூல் அறுந்து, கவனிக்காமல் எழுபது சுற்றிலேயே நிறுத்தியிருக்கலாம்; எண்பதுக்கு எழுபது என்றால் நல்ல நாற்பதாம் நம்பர் நூலே 45.7 என்று காட்டும். இல்லை, நூலே நிஜமாக மெலிந்திருக்கலாம். முதலாவது என்றால் அடித்துவிடலாம், பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டு. இரண்டாவது என்றால் அந்தப் பத்தில் உருப்படியான ஒரே தகவல் அந்த 46-தான். இரண்டில் எது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதே காப்ஸிலிருந்து இன்னொரு லீ சுற்றினால் தெரியும். இரண்டு நிமிஷ வேலை. அன்றைக்கு நான் செய்யாதது அதுதான்.

நூலை விடுங்கள், மழைக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தினசரி மழைப் பட்டியலில் வைத்தால் எந்த வேலியையும் உடைத்துக்கொண்டு வெளியே நிற்கும் எண். அதற்காக அதை அடித்துவிட்டு மீதியை வைத்துக் கண்மாய்க் கலுங்கும் பாலமும் கட்ட முடியுமா? வழக்கமான மழைக்கு அந்தப் பாலம் ஒன்றும் ஆகாது. கலுங்கை உடைப்பது அந்த ஒரு நாள்தான். பருத்தியிலும் இதே மாதிரிதான், நூல் அறுவது அதன் சராசரி பலத்தில் அல்ல, இருப்பதிலேயே பலவீனமான இடத்தில். மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சிக்கான ஷர்லி இன்ஸ்டிட்யூட்டில் இருந்த டிப்பெட், 1928-இல் ஃபிஷரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மாதிரியில் ஆகப் பெரியதும் ஆகச் சிறியதும் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் விஷயம். இன்று வெள்ளக் கணக்குப் போடுகிறவர்கள் பயன்படுத்தும் கணிதத்துக்கு அது அடிப்படைகளில் ஒன்று.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லணும். அளவுகள் நிறைய இருந்து, பரவலும் மணி வடிவத்தில் இருந்தால், மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே சராசரியாக 370-க்கு ஒன்று ஒரு கோளாறும் இல்லாமலே வரும். பத்து அளவில் கோபுரத்தைக்கூட விட்டுவிடுகிற அதே விதி, ஆயிரம் அளவில் இரண்டு மூன்று நல்ல காப்ஸைப் பிடித்துக் கொடுக்கும். மூன்று என்பது மூன்றுதான். எத்தனை அளவில் அதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறிவிடுகிறது.

அக்கா மகளிடம் இவ்வளவும் சொன்னேன். பாதி கேட்டாள். "இப்ப நான் என்ன மாமா எழுதறது? எத்தனை வீடு இருந்தா கோபுரம் மாட்டும்?"

"இன்னும் ஒரு வீடு அளந்துட்டு வா" என்றேன். பக்கத்து வீடு, 25 அடி. மொத்தம் பதினொன்று. 2.98. மாட்டவில்லை. உச்சம் 3.015 என்றாலும், பத்து வீடும் ஒரே உயரமாக இருந்தால்தான் அது எட்டும். நம் தெருவில் ஓட்டு வீடும் இருக்கு, மூணு மாடியும் இருக்கு.

அந்த 25-ஐ அடித்துவிட்டு, எதிர்வரிசையில் 24 அடியில் ஒன்று, 26 அடியில் ஒன்று எடுத்துக்கொண்டாள். பதினொரு வீடும் ஒரு கோபுரமும். சராசரி 38.9, திட்ட விலக்கம் 48.8. கோபுரம் 3.14.

நோட்டில் இரண்டு கணக்கையும் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதி, நடுவில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.