காயம்பட்ட பருவம் – 9: கத்தியைத் தொடுவதற்கு முன்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து சிப்காட் தொழிற்பேட்டையை நெருங்கினால், சன்னலோரம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சிறிது தூரத்தில் வாடை போய்விடும். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் எனச் சுற்றியிருக்கும் ஊர்களின் பிள்ளைகளை விட்டு அது போவதில்லை. 1980களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இரண்டு தலைமுறை அந்தக் காற்றில் வளர்ந்திருக்கிறது. 2004இல் ஊர்க்காரர்களே காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பியபோது, அதில் 22 நச்சு ரசாயனங்கள் இருந்தது தெரியவந்தது.

அந்தக் காற்றுக்கும் ஒரு பிள்ளை கையில் எடுக்கும் கத்திக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் பக்கத்து உப்பனாற்றில் மீன்பாடு கெட்டால் அப்பா கான்ட்ராக்ட் கூலிக்குப் போகிறார். வேலை நிலையில்லை, உடம்பு கெடுகிறது, கடன் ஏறுகிறது. மலிவான பாண்டிச் சரக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. சில வீடுகளில் அத்தனையும் சேர்ந்து, ராத்திரியில் அம்மா மீதும் பிள்ளை மீதும் அடியாக விழுகிறது.

இந்தச் சேர்மானம்தான் ஆபத்து. 1990களில் அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் பெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சிறுவயதுக் கொடுமைகளைக் கேட்டறிந்தார்கள். கொடுமைகளின் எண்ணிக்கை கூடக்கூட, பிற்கால நோயும் தற்கொலை முயற்சியும் கூடியிருந்தன. 2010இல் மின்னசோட்டா மாநிலத்தின் 1,36,549 மாணவர்களை வைத்து இன்னொரு ஆய்வு வெளியானது. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி என ஒவ்வொன்று கூடும்போதும் வன்முறைக்கான வாய்ப்பு 35 முதல் 144 சதவீதம் வரை உயர்ந்தது. சண்டை, பள்ளிக்கு ஆயுதம் கொண்டுவருவது ஆகியவற்றோடு தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் அந்தக் கணக்கில் உண்டு. அடிக்கும் பிள்ளையும் அடிபடும் பிள்ளையும் பல நேரம் ஒரே பிள்ளைதான்.

இதைக் கேட்டதும், “அப்பன் குடிகாரன், மகன் எப்படி இருப்பான்?” என்று முத்திரை குத்திவிடாதீர்கள். கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் சிறார் வயதில் கைதாகியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் 17 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் கொடுமைப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த வழியில் போகவில்லை. நம்பிப் பேச ஒரு பெரியவர் இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்கிறது.

நம் சட்டமோ குற்றத்துக்குப் பிறகே விழித்துக்கொள்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கொடிய குற்றம் செய்த 16 வயதுக்கு மேற்பட்ட சிறுவரைப் பெரியவராகவே விசாரிக்க வழியுண்டு. அவன் ஆறு வயதில் அடிபட்டபோது யார் விசாரித்தார்கள்?

ஆசிரியர்களே, முரண்டு பிடிக்கும் மாணவனுக்கு டி.சி. எழுதுவதற்கு முன் அவன் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அக்கம்பக்கத்தாரே, பிள்ளையின் அலறல் கேட்டால் 1098ஐ அழையுங்கள். சிப்காட் ஆலைகள் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டும் சுவர்களோடு, ஊர்ப் பள்ளிகளில் ஒரு மனநல ஆலோசகரையும் அமர்த்தட்டும். அந்தக் கிராமங்களுக்கு அவை பட்டிருக்கும் கடனில் இது சிறு பகுதிதான்.

(தொடரும்)